மச்சில் கிடந்த 140 கேசட்டுகள்: பழைய வானொலிப் பதிவுகளைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: புளியரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லைக்குச் சற்று இப்பால் இருக்கும் புளியரையில் குடியிருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தந்தையார் மலைக்கு அப்பால் புனலூரில் ஒரு மலைச்சரக்குக் கடையில் கணக்கெழுதினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பிவிடுவார். எல்லையில் குடியிருந்ததில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. திருவனந்தபுரம் மலையாள நாடகங்களைத் தரும். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையம் வில்லுப்பாட்டையும் வேளாண் செய்திகளையும் தரும். கொழும்பு எப்போதும் தெளிவாகக் கேட்கும். சிற்றலையில் லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழோசை வரும். இவை எல்லாவற்றையும் அவர் பதிவு செய்து வைத்தார். முதலில் ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டரின் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்துக்கொண்டும், பின்னர் வளைகுடாவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த, வானொலியும் கேசட் பதிவும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பதிவு செய்திருக்கிறார்.

அவர் மறைந்த பிறகு அந்தத் தகரப் பெட்டி மச்சிலேயே கிடந்தது. சென்ற மாதம் இறக்கிப் பார்த்தபோது 140 கேசட்டுகளும் 9 ஸ்பூல்களும் இருந்தன. எங்கள் ஊரின் சாரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சுவரில் சாய்த்து வைத்த பாய்கூடப் பூசணம் பூக்கும். அதே வெள்ளைப் பூசணம் முப்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகளின் உள்ளே நூல்நூலாகத் தெரிகிறது.

அவசரப்பட்டு ஒரு தவறும் செய்துவிட்டேன். நல்ல நிலையில் இருந்த பத்து கேசட்டுகளைப் பக்கத்து நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னேன். இரண்டு நாடாக்கள் அறுந்து திரும்பின. மற்றவற்றில் அறிவிப்பாளர் பேசிய இடங்கள் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, ‘பாட்டை மட்டும் இரைச்சல் இல்லாமல் சுத்தமாக எடுத்திருக்கிறோம்’ என்று பெருமையோடு கொடுத்தார்கள். அந்தப் பாட்டுகள் இன்று யாருடைய கைபேசியிலும் இருக்கின்றன. என் தந்தையார் பதிவு செய்தது அவற்றுக்கு நடுவே இருந்த குரல்களை அல்லவா?

எனவே உங்களிடம் கேட்கிறேன். பூசணம் பிடித்த நாடாக்களை என்ன செய்வது? நானே வீட்டில் கணினிக்கு மாற்ற முடியுமா, முடியுமென்றால் எந்தக் கருவி வேண்டும்? இரைச்சலை நீக்குவது சரியா? அமெரிக்காவில் இருக்கும் என் சகோதரி மகன், அந்த நாட்டின் பழைய வானொலி நாடகங்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடைப்பதாகவும் நம்முடையவை ஏன் கிடைப்பதில்லை என்றும் கேட்கிறான். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை.

மறுமொழி 1: குழித்துறை சேகரிப்பாளர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக வில்லுப்பாட்டுப் பதிவுகளைத் தேடிச் சேர்த்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேசட்டின் முதுகுப் பக்கத்தில், இரு ஓரங்களிலும் சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். இன்று இரவே 140 கேசட்டிலும் அவற்றை உடைத்துவிடுங்கள். அவை இல்லாத கேசட்டில் பதிவுப் பொத்தான் இறங்காது. கைதவறி அந்தப் பொத்தானை அழுத்தியதால் அழிந்துபோன பதிவுகள் பூசணத்தால் அழிந்தவற்றைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது பூசணம். பூசணம் தெரியும் கேசட்டை எந்தக் காரணத்துக்காகவும் கருவியில் போட்டு ஓட்டாதீர்கள். ஒரு நாடாவில் இருக்கும் வித்துகள், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும், நாடாவை இழுக்கும் உருளையிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்து ஓட்டும் பத்து நாடாக்களுக்கும் பரவிவிடும். வற்றல் காயவைப்பதுபோல் மொட்டைமாடி வெயிலில் பரப்பி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். வெயிலில் கூடு வளையும். நாடாவின் அடுத்தடுத்த சுற்றுகளில் ஒன்றின் ஒலி மற்றொன்றில் மெல்லப் பதிந்து, பேச்சு தொடங்குவதற்கு முன்பே அதன் நிழல் போன்ற ஒரு முன்னொலி கேட்கத் தொடங்கும். பூசணம் பிடித்தவற்றை மட்டும் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஈரம் போனதும் பூசணம் உலர்ந்து தூளாகும். பிறகு வீட்டுக்கு வெளியே, நல்ல முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு, மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

துடைப்பதற்குக் கூட்டைத் திறந்தாக வேண்டும். ஐந்து திருகாணிகள் உள்ள கூடு என்றால் எளிது. ஒட்டிய கூடாக இருந்தால் விளிம்பில் மெல்ல நெம்பி உடைத்து, நாடாச் சுருள்களை எடுத்து, திருகாணி உள்ள வேறொரு கூட்டில் வைக்க வேண்டும். இதற்காகவே மலிவான பழைய கேசட்டுகள் பத்து இருபது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் பல கேசட்டுகளில், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். ஒலி மங்கிப் போனால் நாடா கெட்டுவிட்டதென்று முடிவு செய்வதற்கு முன் அதைப் பாருங்கள். கூடு மாற்றினாலே அது சரியாகிவிடும். அறுந்த நாடாவை வீட்டு செல்லோடேப்பால் ஒட்ட வேண்டாம். அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் மெல்லிய ஒட்டுப்பட்டைதான் வேண்டும். கடைக்காரர் அறுத்துத் தந்த இரண்டையும் இப்படி மீட்டுவிடலாம். இழப்பு ஒரு நொடிக்கும் குறைவாகவே இருக்கும்.

கருவியைப் பொறுத்தவரை, யு.எஸ்.பி. வாக்மேன் என்று இணையத்தில் விற்கும் விளையாட்டுப் பொருளை வாங்காதீர்கள். அதன் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது. பழைய நல்ல கேசட் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல்ட்டையும் ரப்பர் உருளையையும் மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மருந்துக் கடையில் காயத்துக்குத் தரும் 70 சதவீதத்தில் நீர் கலந்திருப்பதால் அது வேண்டாம். டெக்கின் பின்புறம் ஒலி வெளியே வரும் லைன் அவுட் துளையிலிருந்து, ஒலியை எண்வடிவாக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறிய பெட்டி வழியாகக் கணினிக்குக் கொண்டு செல்லுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகினால் ஒலி கரகரக்கும். மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே போதும்.

இனிச் சொல்வதைப் பலர் செய்வதில்லை. டெக்கில் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணி ஒன்று உண்டு. உங்கள் தந்தையாரின் டூ-இன்-ஒன் பெட்டியில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் உங்கள் டெக்கின் ஹெட்டும் இருந்தால்தான் உயர்ந்த அதிர்வெண்கள் முழுமையாக எழும்பும். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்தத் திருகாணியை மிக மெல்லத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்த அறிவிப்பாளர் சட்டென்று எதிரில் வந்து உட்கார்வார். இதைச் செய்யாமல் எடுத்த பதிவைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது; ஏனென்றால் நாடாவில் இருந்த ஒலி கோப்புக்குள் வந்து சேரவே இல்லை.

கோப்பை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் வடிவில் சேமியுங்கள். இரு தடமாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜி.பி. வரும். உங்கள் கேசட்டுகள் அனைத்தும் 60 நிமிடக் கேசட்டுகள் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 280 ஜி.பி.யைச் சற்றே தாண்டும். இன்றைய 1 டி.பி. வட்டு ஒன்றில் பாதிகூட நிரம்பாது. பதிவு ஒற்றைத் தடமாக இருந்தாலும் இரு தடமாகவே எடுங்கள், ஏனெனில் நாடாவின் ஓரம் தேய்ந்திருந்தால் ஒரு தடத்தில் ஒலி விழும் இடங்களில் மற்றொன்று கைகொடுக்கும். இரைச்சல் நீக்கியை முதன்மைக் கோப்பில் தொடவே வேண்டாம். அதை அப்படியே வைத்துவிட்டு, கேட்பதற்கென்று தனியாக ஒரு எம்.பி.3 நகல் எடுத்து அதில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். மூன்று நகல்கள் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு நண்பர் இரண்டு வட்டுகளையும் ஒரே மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோனது.

மறுமொழி 2: நகரி வாசகர்

நான் ஆந்திர எல்லையில், நகரியில் இருக்கிறேன். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது நாங்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டவர்கள். ஆனாலும் எங்கள் வீட்டு வானொலி முள் சென்னை நிலையத்தைவிட்டு நகர்ந்ததே இல்லை. எங்களுக்குப் பூசணத் தொல்லை இல்லை, வெயிலும் தூசியும்தான் எதிரிகள். பெல்ட்டுகள் தாராக உருகிக் கருவியின் உள்ளே வழிந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். அது கையில் பட்டால் மூன்று நாள் போகாது.

என் பங்குக்கு இரண்டு செய்திகள். குழித்துறை நண்பர் சொன்ன சிலிக்கா ஜெல்லில் நீல நிற மணிகள் கலந்ததாக வாங்கினால் ஈரம் ஏறியதும் நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். புளியரைச் சாரலில் அது மாதத்துக்கு ஒருமுறையாவது மாறும் என்று நினைக்கிறேன். மற்றொன்று, ஸ்பூல்களைக் கேசட்டுகளோடு சேர்த்து எண்ணாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் அது அசிடேட் நாடா. சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதையே முதலில் எடுக்க வேண்டும். வாடை இல்லாவிட்டால் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அசிடேட், ஊடுருவாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். பிசுபிசுத்த நாடாவை மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தும் முறை ஒன்று உண்டு. அது சில வகைப் பாலியெஸ்டர் நாடாக்களுக்கு மட்டுமே உரியது. அசிடேட்டை அப்படிச் சூடாக்கினால் அதோடு அதன் கதை முடிந்தது.

புளியரை ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. தகடுகளை அன்றிரவே உடைத்துவிட்டேன். பூசணக் கேசட்டுகள் 34, டப்பாவில் இருக்கின்றன. ஸ்பூல்களில் காடி வாடை இல்லை. தென்காசியில் ஒரு மின்னணுப் பழுதுபார்ப்பவரிடம் டெக் ஒன்று கிடைத்து, பெல்ட் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்த்ததில் புதிதாக ஒரு சந்தேகம் எழுந்திருக்கிறது. சில பதிவுகளில் அறிவிப்பாளரின் குரல் எனக்கு நினைவில் இருப்பதைவிட மெலிந்து, சிறு பிள்ளை பேசுவதுபோல் ஒலிக்கிறது. பேட்டரி இறங்கிய நிலையில் பதிவு செய்திருப்பாரோ என்று நினைக்கிறேன். சரியான வேகம் இதுதான் என்று எப்படி முடிவு செய்வது? மேலும், பாதிக்கு மேற்பட்ட கேசட்டுகளில் தேதி எழுதவில்லை. ‘கொழும்பு நாடகம் 2’, ‘நெல்லை வில்லு நன்று’ என்ற அளவில்தான் அட்டைகளில் இருக்கிறது. தேதி தெரியாத பதிவால் யாருக்குப் பயன்?

மறுமொழி 3: கொழிஞ்சாம்பாறை, ஒலிப்பதிவுத் துறையில் இருந்தவர்

அம்மா, உங்கள் ஊகம் சரியாகவே இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்து மோட்டார் மெல்ல ஓடும்போது செய்த பதிவை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயரும். கேசட் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. என்று வகுத்திருக்கிறார்கள், வீட்டுக் கருவிகள் அதற்கு முன்னும் பின்னுமாகத்தான் ஓடின. உங்கள் டெக்கின் வேகத்தை முதலில் சோதனை நாடா ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டு, நாடாவுக்குள்ளேயே அளவுகோல் தேடுங்கள்.

மிக நல்ல அளவுகோல் நேர அறிவிப்பின் ‘பீப்’ ஒலிகள். அவை ஒரு நொடி இடைவெளியில் வருபவை. ஆடாசிட்டியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒரு பீப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை அளந்தால் 0.95 நொடி வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா 5 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். தமிழோசைப் பதிவுகளில் பி.பி.சி.யின் பீப் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அதன் சுருதி 1000 ஹெர்ட்ஸ். அகில இந்திய வானொலி நிலையம் திறக்கும்போது ஒலிக்கும் அடையாள இசை, அதாவது வால்டர் காஃப்மன் 1930களில் அமைத்த அந்தத் தம்புரா மெட்டு, உங்கள் கேசட்டுகளில் பல இடங்களில் இருக்கும். அது நாள்தோறும் ஒலித்த ஒரே பதிவு என்பதால் ஒரு கேசட்டின் சுருதியை மற்றொன்றோடு ஒப்பிட உதவும்.

வீட்டு மின்சாரத்தின் ‘ம்ம்’ என்ற முனகல் 50 ஹெர்ட்ஸில் இருக்கும் என்பதை வைத்து வேகத்தைக் கணிக்கச் சொல்வார்கள். வெளிநாட்டு நூல்களில் இது பாடமாகவே இருக்கிறது. நம் பக்கம் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அக்காலத்தில் நம் மின்கட்டமைப்பு 50இல் நிலையாக நின்றதில்லை. 48ஐ ஒட்டி இறங்கிய மாலைகள் ஏராளம். பேட்டரியில் செய்த பதிவில் முனகலே இருக்காது.

தேதி எழுதவில்லை என்று வருந்துகிறீர்கள். தேதி கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடைக்காரர் வெட்டி எறிந்தாரே, அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. செய்தியில் ‘சென்னை மாநிலம்’ என்று வந்தால் அது 1969 ஜனவரி 14க்கு முற்பட்டது. இலங்கை நிலையம் தன்னைக் கூட்டுத்தாபனம் என்று சொல்லிக்கொண்டால் 1967க்குப் பிற்பட்டது. நேயர் முகவரியில் பின்கோடு வாசித்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. மத்திய அலைக்கு இன்னொரு சூத்திரம் உண்டு. 1978 நவம்பர் 23 அன்று ஆசியா முழுவதும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாறின. அறிவிப்பாளர் சொல்லும் அலைவரிசை எண் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் பதிவு பெரும்பாலும் அந்த நாளுக்குப் பிற்பட்டது; 10இன் மடங்காக மட்டும் இருந்தால் முற்பட்டது. 720 போன்ற எண்கள் இரண்டாலும் வகுபடுவதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. நாகர்கோவில் பண்பலை நிலையத்தின் பெயர் காதில் விழுந்தால் 1984க்கு முன்னே போக வேண்டியதில்லை. டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் ஒரு நிமிடம் கிடைத்தாலே போதும், அந்தச் செய்தியை நாளிதழோடு ஒப்பிட்டு நாளையே குறித்துவிடலாம்.

ஆகையால் ஒவ்வொரு பக்கத்தையும் வெற்று நாடா தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். ஒலி நின்றுவிட்டதே என்று பொத்தானை அழுத்திவிட வேண்டாம். மைக் வைத்துப் பதிந்தவற்றில் வீட்டுச் சத்தம் இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். உங்கள் வீட்டைத் தாண்டிப் போன மீட்டர்கேஜ் ரயிலின் ஊதல்கூட ஒரு நாள் நேரம் சொல்லும்.

அமெரிக்கத் தம்பியின் கேள்விக்கு என் விடை இது. அங்கே 1930கள் முதலே நிகழ்ச்சிகளைப் பிற நிலையங்களுக்கு அனுப்புவதற்காக 16 அங்குல இசைத்தட்டுகளில் வெட்டினார்கள். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கென்று மேலும் பல நகல்கள் போயின. தட்டில் ஒருமுறை வெட்டியதை அழித்து மறுபடி எழுத முடியாது. அந்தத் தட்டுகளை நிலையங்கள் குப்பையில் போட்டபோது பொறுக்கி வைத்தவர்கள்தான் பின்னாளில் சேகரிப்பாளர் சங்கங்களை அமைத்தார்கள். நம் நிலையங்களிலோ முதலில் நேரலை, பிறகு காந்த நாடா. நாடாவுக்கு விலை அதிகம், அழித்தால் மீண்டும் புதிது. நாடகம் ஒலிபரப்பான சில மாதங்களில் அதன்மேல் விவசாயப் பேச்சு ஏறிவிடும். அதற்காக யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை, நானும் அழித்தவன்தான். நிலையத்தில் அழிந்தது நேயரின் மச்சில் பிழைத்திருக்கிறது என்பதுதான் உங்கள் பெட்டியின் மதிப்பு.

மறுமொழி 4: நாகர்கோவில் வழக்கறிஞர்

உரிமை பற்றி யாரும் பேசவில்லையே என்று சுருக்கமாகச் சேர்க்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, ஒலிபரப்பு நிறுவனத்துக்கு ஒலிபரப்பின் மீதுள்ள உரிமை, ஒலிபரப்பிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள் நீடிக்கும். 1978இல் ஒலிபரப்பானதற்கு அது 2003 இறுதியோடு முடிந்துவிட்டது. சொந்தப் பயனுக்காகப் பதிவு செய்துகொள்வதை 39ஆம் பிரிவு முன்பே அனுமதிக்கிறது. எனவே உங்கள் தந்தையார் செய்ததில் குற்றமில்லை. ஆனால் நாடகத்தின் எழுத்துக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. இடையில் வரும் திரைப்பாடல்களுக்குத் தனி உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே காப்பதற்குத் தடையில்லை, எல்லாவற்றையும் அப்படியே யூடியூபில் ஏற்றுவதற்குத் தடை வரலாம். நூலகம் ஒன்றிடம் மூல நாடாவையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல வழி. வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. தமிழ்நாட்டுப் பதிவுகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், இலங்கைப் பதிவுகளுக்கு, இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தையும் அணுகிக் கேட்கலாம்.

புளியரை ஆசிரியை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இதுவரை 22 கேசட்டுகள் முடிந்திருக்கின்றன. ஹெட் திருகாணியைத் திருப்பும்போது கை நடுங்கியது, இப்போது பழகிவிட்டது. பீப் ஒலிகளை அளந்ததில் மெலிந்த குரல் கேட்ட நாடாக்களில் வேறுபாடு 4 முதல் 7 சதவீதம் வரை இருந்தது; முதன்மைக் கோப்பைத் தொடாமல், நகலில் மட்டும் வேகத்தைக் குறைத்தேன். பிள்ளைக் குரல் போய், எனக்குத் தெரிந்த குரல் வந்தது.

கொழிஞ்சாம்பாறை ஐயாவுக்கு ஒரு செய்தி. ‘கொழும்பு நாடகம் 2’ என்ற கேசட்டின் உள்ளட்டையில், பென்சிலால் எழுதி மங்கிய ‘1976’ இருப்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்தேன். ஆனால் ஓட்டினால் கேட்டது நாடகமன்று, திருநெல்வேலியின் வில்லுப்பாட்டு. அறிவிப்பாளர் 1197 கிலோஹெர்ட்ஸ் என்கிறார். 9ஆல் வகுத்தேன், 133 வந்தது. அப்படியானால் 1978 நவம்பருக்குப் பிறகுதான். அப்பா பழைய நாடகத்தை அழித்து அதன்மேல் வில்லுப்பாட்டைப் பதிந்துவிட்டு, அட்டையை மாற்றாமல் விட்டிருக்கிறார் என்று புரிந்தபோது, நிலையங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நாடாவுக்கு எங்கள் வீட்டிலும் விலை அதிகம்தான்.

நிறுத்த வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்காக ஓடவிட்டேன். வில்லுப்பாட்டு முடிந்து, பொத்தான் எழும்பும் ‘டக்’ என்ற ஓசை கேட்டது. அதற்குப் பிறகு அழிபடாமல் எஞ்சிய நாடாவில், கடலிரைச்சல் போன்ற ஓசைக்கு நடுவே, அந்தக் கொழும்பு நாடகத்தின் கடைசி 4 நிமிடங்கள் இருந்தன. கடைசிக் காட்சியும், அதைத் தொடர்ந்து நடித்தவர்கள், எழுதியவர், தயாரித்தவர் பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பதும் முழுமையாக இருக்கின்றன. அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்து, பெயர்களை எழுத்தில் குறித்து, வழக்கறிஞர் ஐயா சொன்னபடி நூலகம் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

இனி ஸ்பூல்கள். ஐந்து அங்குலச் சுருள்கள், பாலியெஸ்டர் என்றே தோன்றுகிறது. தென்காசி, செங்கோட்டை, புனலூர் வட்டாரத்தில் யாரிடமாவது ஓடும் நிலையில் ஸ்பூல் கருவி இருக்கிறதா?

மறுமொழி 5: கொழிஞ்சாம்பாறை, ஒலிப்பதிவுத் துறையில் இருந்தவர்

கருவி தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள் அம்மா. ஸ்டுடியோவிலிருந்து கழித்த பெரிய கருவியை யாராவது தருகிறேன் என்றால் உடனே வாங்கிவிட வேண்டாம். அவை நொடிக்கு 19, 38 செ.மீ. வேகங்களில்தான் ஓடும், வீட்டு ஸ்பூல்கள் பெரும்பாலும் 9.5 அல்லது 4.75இல் பதிந்தவை. அதோடு வீட்டுக் கருவிகள் நாடாவின் அகலத்தில் பாதியில் ஒரு பக்கத்தையும், திருப்பிப் போட்டு மறுபாதியில் அடுத்த பக்கத்தையும் பதியும். முழு அகலத்தையும் ஒரே தடமாகப் படிக்கும் ஹெட் உள்ள ஸ்டுடியோ கருவியில் போட்டால், ஒரு பக்கத்து நாடகத்தின் மேல் மறுபக்கத்துச் செய்தி பின்னோக்கி ஓடும். உங்களுக்கு வேண்டியது 9.5 வேகம் உள்ள வீட்டுக் கருவிதான். என்னிடம் ஒன்று இருக்கிறது, ரப்பர் உருளை மட்டும் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டு, அடுத்த மாதம் செங்கோட்டைக்கு ஒரு திருமணத்துக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அதுவரை சுருள்களை முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்காமல் அப்படியே நிமிர்த்தி வையுங்கள்.